கல் பூத்தால் வந்துவிடுகிறேன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்டரி பஸ் என்னைக் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் சாலை முனையில் இறக்கிவிட்டுப் போனது. கையில் ரப்பர் வாடை, காலில் வலி, வயிற்றில் பசி. வீட்டுக்குப் போய் ஒரு குவளை தேத்தண்ணி குடித்துவிட்டுக் கட்டையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எனக்கு அன்றைக்கு வேறு ஆசை இல்லை.

தெருவுக்குள் நுழையும்போதே சாம்பிராணி மணந்தது. எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. ஆள் கடலில் இருக்கும் வீட்டு வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தால் மனசு என்ன நினைக்கும்? சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

நல்லவேளை, யாரும் அழவில்லை. எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் அடுக்களையில் நின்றிருந்தார்கள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்த சிகரெட் டின். அதற்குள் இருந்த இரண்டு கற்களுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, டின்னைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டியிருந்தார்கள். என் மாமியார் செம்பில் இருந்த பாலைக் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, அந்தக் கற்களின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தே!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா கையிலிருந்த மணி கீழே விழுந்து உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது.

அது கல் இல்லை. செடி. இத்தனை வருடம் கழித்து, நான் அப்போது வேலை பார்த்த கையுறை பேக்டரியைப் பற்றிப் போன வாரம் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு என் அக்கா மல்லிகா போன் செய்தாள். "ஊர்க் கதையெல்லாம் எழுதுற, அந்தக் கல்லைப் பத்தி மட்டும் ஏன்டி எழுத மாட்டேங்குற?" என்று கேட்டாள். காரணம் இருக்கிறது. கல்லை எழுதினால் என் வீட்டுக்காரரை எழுத வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குப் பேனா நகர மாட்டேன் என்கிறது. இருந்தாலும் எத்தனை நாளைக்குத்தான் தள்ளிப் போடுவது?

தபாலில் வராதது

என் வீட்டுக்காரர் தனபாலுக்குக் கப்பலில் வேலை. கேப்டன் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்குக் கப்பலின் அடிவயிற்றில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. வருடத்தில் ஒன்றிரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மீதி நாளெல்லாம் கடல்தான். எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். தாலிக் கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள் கப்பல் ஏறிவிட்டார்.

பண்டமாரானில் மற்ற ஆம்பிளைகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், லோரி ஓட்டினார்கள். சாயங்காலமானால் வியர்வையும் புழுதியுமாக வீடு திரும்பினார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் எங்களைப் போன்ற கப்பல்காரர் வீட்டுப் பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஜப்பான் ரேடியோ, கம்பளி, வாசனை சோப்பு எல்லாம் எங்கள் வீட்டில் இருந்தன.

"உனக்கென்னம்மா குறை?" என்பார் பாக்கியத்தக்கா.

ரேடியோவிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? கம்பளியிடம் சண்டை பிடிக்க முடியுமா? எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும். பிறவிக் குணம். ஒருநாள் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், "என்னடி ஆச்சு?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் பாக்கியத்தக்காவும் அவர் புருஷனும் மீன் வாங்கியதற்குச் சண்டை போடும்போது நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகையாக வரும். அவ்வளவு ஏக்கம்.

இன்னும் பிள்ளை இல்லையா என்று விசாரிக்காத ஆள் கிடையாது. "பிள்ளை தபால்ல வராதுக்கா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். சொல்லிவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்துவது வேறு விஷயம்.

மாட்டுக் குளம்பு

ஒரு லீவில் அவர் வந்தபோது பெட்டியைத் திறந்து, துணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த ஒரு சிகரெட் டின்னை எடுத்தார். நகை என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் மணல். மணலில் இரண்டு கல்.

"என்னங்க இது? கூழாங்கல்லா?"

"கல்லு இல்ல. செடி."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"சத்தியமா செடிதான் லா. தொட்டுப் பாரு."

தொட்டேன். லேசாக அமுங்கியது. சாம்பலும் பழுப்புமாக நிறம், மேலே புள்ளி புள்ளியாகக் கோலம், தலை நடுவில் ஒரு பிளவு. சின்ன மாட்டுக் குளம்பைக் குப்புற நட்டு வைத்த மாதிரி இருந்தது. இலை இல்லை, தண்டு இல்லை. அந்தக் குளம்பேதான் இலையாம்.

ஆப்பிரிக்காவின் தென்கோடித் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்றிருக்கிறது. அங்கே துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் இவர் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறார். கோவிந்தன் என்று பெயர். நம்மாள்தான், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை வராது. இவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு பேரும் கையைக் காலை ஆட்டியே பேசியிருக்கிறார்கள். அந்த மனிதர் இவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கோழிக்கறி போட்டு, கிளம்பும்போது கொல்லையில் வளர்த்த இந்த இரண்டையும் மணலோடு அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

"அந்தாளு வீட்டுக் கறி அப்படியே எங்கம்மா வச்ச மாதிரி இருந்துச்சு வசந்தா. சாப்பிடவே முடியல, தொண்டை அடைச்சிருச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டை நினைத்துத் தொண்டை அடைக்கும் ஆள் எதற்காகத் திரும்பத் திரும்பக் கப்பல் ஏற வேண்டும்? கேட்டேவிட்டேன். அவர் மணலைத் தட்டிச் சரிசெய்தார்.

அந்த வாக்கு

அந்த லீவு முடிந்து அவர் கிளம்பிய காலையில் மறுபடி கேட்டேன். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்சி வந்து நின்றிருந்தது.

"எப்பத்தான் வேலைய விட்டுட்டு வீட்டோட இருப்பீங்க?"

அவர் ஜன்னல் விளிம்பில் இருந்த டின்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் ஒவ்வொரு தடவையும் ஏமாந்து போவேன்.

"இது பூக்கும்னு அந்தாளு சொன்னான். நல்லாப் பாத்துக்கிட்டா ரெண்டு மூணு வருசத்துல பூ வருமாம். கல்லு பூத்துச்சுன்னா சொல்லு, வேலைய விட்டுட்டு வந்துடறேன்."

"நெசமாவா?"

"அம்மா மேல சத்தியம்." அத்தையின் தலையில் லேசாகத் தட்டிவிட்டு டாக்சியில் ஏறினார்.

அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்டா, என் தலையில அடிச்சிக்கிட்டு..." என்று ஆரம்பிப்பதற்குள் டாக்சி கிளம்பிவிட்டது.

அன்று முதல் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேலை. அந்தக் கல்லைப் பூக்க வைக்க வேண்டும்.

சும்மா இருக்கும் வேலை

செடி வளர்ப்பது எனக்குப் புதிதல்ல. மல்லிகை, துளசி, கறிவேப்பிலை, பண்டான் இலை எல்லாம் வீட்டைச் சுற்றி வைத்திருந்தேன். ஆனால் அதெல்லாம் கேட்கும் செடிகள். வாடினால் தண்ணீர் கேட்கும், பழுத்தால் உரம் கேட்கும். இது எதுவும் கேட்காது. இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

அந்தக் கோவிந்தன் சொன்ன பக்குவத்தை அவர் என்னிடம் ஒப்பித்துவிட்டுத்தான் போயிருந்தார். மண் அதிகம் கூடாது. கரகர மணலும் உடைத்த செங்கல்லும் போதும். நல்ல வெயில் வேண்டும். மேல்தோல் சுருங்கினால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை தலைப்பிளவு விரிந்து, உள்ளேயிருந்து புதிதாக ஒரு ஜோடி இலை எட்டிப் பார்க்கும். பழைய ஜோடியில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் புதியது வளரும். பழையது வற்றி, காய்ந்து, காகிதம் மாதிரி ஆகும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. பார்க்கப் பாவமாக இருக்கும். பாவம் பார்த்து ஊற்றினால் அழுகிவிடும்.

சொல்வது சுலபம். பண்டமாரானில் தண்ணீர் காட்டாமல் ஒரு பொருளை வைத்திருக்க முடியுமா? மத்தியானம் மூன்றானால் வானம் கறுத்துக் கொட்டும். மழை நின்றால் கடல் காற்று. உப்பு ஜாடிக்குள் கசியும், தீப்பெட்டி நமத்துப் போகும், அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும். செடி பூப்பதற்கு முன் செருப்புப் பூத்துவிடும் ஊர் அது.

காலையில் பேக்டரிக்குக் கிளம்புமுன் டின்னை வெயில் விழும் பக்கம் வைப்பேன். மழை வந்தால் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி அத்தையிடம் ஒப்படைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் நகர நகர நானும் டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவேன்.

"கைப்பிள்ளைக்காரி கூட இப்படிச் சுத்த மாட்டா" என்று பாக்கியத்தக்கா கிண்டல் செய்வார்.

கிண்டல் செய்யட்டும். தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அந்த நேரங்களில் அவரிடம் மனசுக்குள் பேசுவேன். இன்றைக்கு பாசாரில் உங்களுக்குப் பிடித்த மீன் வந்தது, வாங்கவில்லை. மழையில் கூரை ஒழுகுகிறது. அம்மாவுக்கு முட்டி வலி. நான் நன்றாக இல்லை. எப்போது வருவீர்கள்? கல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பாலும் மஞ்சளும்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அது ஆடி மாதம். அந்த நேரம் பார்த்து இரண்டு கல்லும் பிளந்துகொண்டிருந்தன. பழைய தோல் சுருங்கி, நடுவில் புது ஜோடியின் உச்சி மட்டும் பச்சையாகத் தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம். அத்தைக்கு அதைப் பார்த்து வேறு என்னவோ தோன்றியிருக்கிறது.

எங்கள் சனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? மரத்தடியில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்து மஞ்சள் துணி சுற்றினால் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே எலுமிச்சம்பழம் இருக்கும். அடுத்த வருடம் தகரக் கூரை, அதற்கடுத்த வருடம் திருவிழா. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல் தானாகப் பிளந்து உள்ளேயிருந்து இன்னொரு கல் பிறந்தால் சும்மா விடுவார்களா? அத்தை பாக்கியத்தக்காவைக் கூப்பிட்டுக் காட்ட, பாக்கியத்தக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ள, வரிசையே திரண்டுவிட்டது.

நான் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. டின்னைக் கவிழ்த்துப் பாலை வடித்தேன். மணல் முழுக்கப் பால் இறங்கியிருந்தது. கற்களைத் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்தேன்.

"கொன்னுட்டீங்களே அத்தே! இத்தனை நாளு ஒரு சொட்டு ஊத்தாம வச்சிருந்தேன். செம்போட ஊத்திட்டீங்களே! அவர் வரக்கூடாதுன்னா ஊத்துனீங்க?"

அத்தை சாதுவான மனுஷி. என் கோபத்துக்கெல்லாம் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். அன்றைக்கு மட்டும் சொன்னார்.

"அவன் உனக்கு மட்டுமாம்மா வரணும்? நான் பெத்தவ இல்லையா? அது பூத்தா வரேன்னு என் தலையில அடிச்சித்தானே சத்தியம் பண்ணான். தோலு சுருங்கிப் போயி தவிச்சிக்கிட்டு இருந்துச்சு. நீ ஊத்தாம இருந்து வேண்டிக்கிற. எனக்கு ஊத்தித்தாம்மா வேண்டிக்கத் தெரியும்."

சொல்லிவிட்டுச் செம்பைக் கழுவப் போய்விட்டார். குழாயடியில் வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவரை எண்ணி ஏங்குவது நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அழுது அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

ஒரு கல் அந்த வாரமே கொழகொழத்து, நாறிப் போனது. இன்னொன்று அடியில் மட்டும் மெத்தென்றிருந்தது. அவருடைய சவர பிளேடால் அழுகிய இடத்தைச் சீவி, விறகுச் சாம்பலைத் தடவி, மணலில்லாமல் காய வைத்தேன். செத்துப்போனதைக் குப்பையில் போட அத்தை விடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்த் துறைமுகத்து ஓரம் கடலில் விட்டுவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை.

அக்கா வீட்டு வெயில்

மிஞ்சிய கல் பிழைத்துக்கொண்டது. ஆனால் பண்டமாரான் ஈரத்தில் அது பூக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் அக்கா மல்லிகா குடியிருந்தாள். அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. அடுக்குமாடி வீடு, மேல்மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மத்தியானத்துக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. அக்கா அங்கேதான் மோர்மிளகாய் காயப் போடுவாள். மழைச்சாரலும் உள்ளே வராது, மேல் தளம் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கொடுப்பதற்கு மனசு வரவில்லை. பால்கனிச் சுவரில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டேன்.

"தண்ணி ஊத்தக் கூடாதுக்கா. தொடக் கூடாது. எடம் மாத்தக் கூடாது. உரம் கிரம் போடக் கூடாது."

"சும்மா இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"அந்த வேலைக்கு என்னை மாதிரி ஆளு கெடைக்க மாட்டாங்க லா. வச்சிட்டுப் போ."

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவேன். கோயில் வாசல் பூக்கடைகளைத் தாண்டும்போது அத்தனை பூவையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். கூடை கூடையாக மல்லி, செவ்வந்தி, ரோஜா. யார் கேட்டார்கள் இவ்வளவு பூ? எனக்கு ஒன்றே ஒன்று போதும். பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் தண்டவாளங்கள் தெரியும். கிள்ளான் பக்கம் போகும் ரயில் கூவும். துறைமுகத்துக்குப் போகிற ரயில் அது, கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா தோசை சுட்டுக்கொண்டே, "கல்லோட பேசி முடிச்சிட்டியா, சாப்பிட வரியா?" என்று குரல் கொடுப்பாள்.

அப்படி எத்தனை ஞாயிறு போனதோ. நடுவில் அவர் வந்தார், போனார், வந்தார், போனார். லீவில் இருக்கும்போது அவரைக் கூட்டிப் போய்க் காட்டுவேன். "இன்னும் உசுரோட இருக்கே!" என்று ஆச்சரியப்படுவார். அவ்வளவுதான்.

நாக்கு நீட்டியது

எண்பதுகளின் நடுவில் இருக்கும். ஒருநாள் காலை எங்கள் தெரு மளிகைக் கடைக்கு அக்கா போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னாள். நான் ஓடினேன்.

"வசந்தா, உன் கல்லு நாக்கை நீட்டுதுடி!"

"என்ன சொல்ற?"

"வாயத் தொறந்து மஞ்சளா நாக்கு மாதிரி நீட்டுது. எனக்குப் பயமா இருக்கு. நான் ஒண்ணும் பண்ணல, சாமி சத்தியமா."

பேக்டரிக்குப் போகவில்லை. அத்தையும் கூட வருவேன் என்றார். முட்டி வலியோடு அந்த மனுஷியைப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் கார்கள் அசையவில்லை. ஏதோ லோரி கவிழ்ந்துவிட்டதாம். பஸ் ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்குன்னு பாத்து, இன்னைக்குன்னு பாத்து" என்று அத்தை புலம்பிக்கொண்டே வந்தார்.

நாங்கள் மாடி ஏறியபோது விளக்கு வைக்கிற நேரம். பிரிக்பீல்ட்ஸில் மழையே இல்லை. மத்தியானம் நல்ல வெயிலில் பூ விரிந்திருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் சுருங்கிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது முறுக்கிய மஞ்சள் மொட்டுதான்.

"கடையச் சாத்திட்டாங்களே!" என்றார் அத்தை. அக்காவும் நானும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் போகும், வெயில் வரும், மறுபடி மேகம். மத்தியானச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் சுள்ளென்று பால்கனிக்குள் விழுந்தது. அப்புறம் அது விரிந்தது. அவசரமே இல்லை. இதழ் இதழாக, மெல்லிசாக, பளபளவென்று மஞ்சள். கல் கீழே இருப்பதே தெரியாத அளவுக்குக் கல்லை மூடிக்கொண்டு ஒரு பூ.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துருவான்ல?" என்றார்.

"வந்துருவாரு அத்தே. சத்தியம் பண்ணிருக்காருல்ல."

பூ மூடுவதற்குள் கீழே இருந்த ஸ்டூடியோவுக்கு ஓடினோம். போட்டோக்காரர், "பிள்ளையத் தூக்கி மடியில வச்சிக்கிறாப்புல டின்னை வச்சிக்கங்க" என்று சொல்லி, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முழித்தார். நான் சொன்னபடியே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் அத்தை விறைப்பாக நின்றார். அந்தப் படத்தைக் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பினேன். கூட ஒரே வரி எழுதினேன். பூத்துவிட்டது, வாருங்கள்.

பூ அழகாக இருக்கிறது

வந்தார். வழக்கமான லீவுக்கு, வழக்கமான பெட்டியோடு வந்தார். நான் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்திருந்தேன். வீட்டோடு இருக்கப் போகிற ஆளுக்கு என்று புதுத் தலையணை உறை தைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து, பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"கப்பல் பூரா காட்டினேன் வசந்தா. ஒருத்தனும் நம்பல. பூ ரொம்ப அழகா இருக்கு."

"அப்ப?"

"அப்ப என்ன?"

"பூத்துடுச்சுல்ல?"

"ஆமா. பூத்துடுச்சு."

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. டாக்சி ஏறுமுன் சிரித்துக்கொண்டே சொன்ன சொல், டாக்சி திரும்பிய அந்த முனையிலேயே அவருக்கு மறந்து போயிருக்கிறது. அடுத்த கப்பலுக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அத்தைதான் அவருக்கு ஞாபகப்படுத்தினார். என் எதிரிலேயே. கீரை ஆய்ந்தது, தன் தலையில் அடித்தது, பால் ஊற்றியது, பஸ்ஸில் மழை, எல்லாவற்றையும் சொன்னார். அவர் முகம் கறுத்துப் போனது. "அது சும்மா வெளையாட்டுக்கும்மா..." என்றார்.

நான் சண்டை போடவில்லை. அக்காவால் இன்றைக்கும் அதை நம்ப முடியவில்லை. வருடக் கணக்காகச் சண்டைக்கு ஆள் தேடியவள், ஆள் கையில் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். வலி அதிகமானால் எனக்குக் குரல் வருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் கிளம்புகிற வாரம் பிரிக்பீல்ட்ஸ் போய் டின்னை எடுத்து வந்தேன். கிளம்பும் காலையில் அதை அவர் கையில் கொடுத்தேன்.

"இத எதுக்கு எங்கிட்ட குடுக்குற? இஞ்சின் ரூம்ல ஏது வெயிலு?"

"மேல்தட்டுல இருக்குமில்ல, அங்க கொண்டு போய்க் காட்டுங்க. தண்ணி ஊத்தாதீங்க. பூத்துச்சுன்னா எழுதுங்க, நான் வரேன்."

"நீ எங்க வருவ?"

"நீங்க எங்க இருக்கீங்களோ அங்க. இத்தனை நாளு நான் பாத்துக்கிட்டேன். இனிமே நீங்க பாத்துக்கங்க."

விளையாட்டாகச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. டின்னை வாங்கிக்கொண்டு டாக்சியில் ஏறினார். பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனதை அத்தை கவனித்துச் சொன்னார்.

காலி ஜன்னல்

கொடுத்த பிறகு தவித்துப் போனேன். வெயிலைப் பார்த்தால் கை தானாக எதையோ தேடியது. மழை வந்தால் எழுந்து ஓடினேன், உள்ளே எடுத்து வைக்க ஒன்றுமில்லை. அவரும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை. வைராக்கியத்தில் செய்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு நிற்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தை விளக்கேற்றிவிட்டு அந்த ஜன்னலைப் பார்ப்பார்.

பிரிக்பீல்ட்ஸுக்கும் போவேன். அக்கா பால்கனியில் டின் இருந்த இடத்தில் வட்டமாகத் துருக்கறை இருந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. எனக்காகத்தான் துடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

லீவுக்கு இன்னும் பல மாதம் பாக்கி இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பியில் போட்டிருந்த போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. செருப்பு தெரிந்தது. எனக்குத் தெரியாத செருப்பா? போர்வையை விலக்கினேன்.

தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுத்து, தாடியோடு, இளைத்துப் போயிருந்தார். சிங்கப்பூரில் கப்பல் நின்றதும் கணக்கை முடித்துக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"பூக்கல" என்றார்.

டின்னுக்குள் பார்த்தேன். தலை பிளந்திருந்தது. பழைய ஜோடி சுருங்கி வற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து புது ஜோடி கெட்டியாக மேலே வந்திருந்தது. மணல் சாம்பல் மாதிரி காய்ந்திருந்தது. மனுஷர் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

"டூட்டி முடிஞ்சதும் மேல கொண்டு போய் வச்சிட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்குவேன். பசங்க சிரிச்சானுங்க. தெனமும் பாப்பேன். ஒண்ணுமே நடக்காது. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். நாளைக்காவது ஏதாவது ஆகும்னு நெனச்சிக்கிட்டுக் கீழ போவேன். மறுநாளும் அப்படியேதான் இருக்கும்."

டின்னிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருசம் இப்படியா இருந்த, வசந்தா?"

வருடக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுக்க என் வாயில் இருந்தது. அவர் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் விளிம்பில், வெயில் விழும் பக்கமாக வைத்தேன். உள்ளே அத்தை உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அத்தே, இன்னும் கொஞ்சம் அரிசி போடுங்க."

"யாரு வந்திருக்கா?"

"உங்க மகன்தான். இனிமே தெனமும் கூடப் போடுங்க."